எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் இதயத்தைச் சோதித்துக்கொள்வது எப்படி: பச்சைப் புத்தகத்திலிருந்து ஈசிஜி வரை

ஏஆர்டி (எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் வைரஸ் அளவு பார்ப்பார்கள், சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) பார்ப்பார்கள், டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவார்கள். ஈசிஜி எடுப்பது அங்கே அன்றாட வேலை இல்லை. இதய மருத்துவரிடம் போனால் அவர் ஈசிஜி எடுப்பார், ஆனால் ஏஆர்டி மாத்திரையின் பெயரைக் கேட்கமாட்டார். நீங்களும் சொல்லத் தயங்குவீர்கள். இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவே காகிதத்தைக் கொண்டுபோகிற ஆள் நீங்கள்தான். எதைக் கொண்டுபோவது, என்ன கேட்பது, எவ்வளவு செலவாகும் என்பதுதான் கீழே. தமிழ்நாட்டில் அரசு ஏஆர்டி மையத்தில் மருந்து வாங்குபவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாரடைப்பு வேறு, திடீர் இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைக்கிறது. ஆள் பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார், நெஞ்சைப் பிடிப்பார், வியர்ப்பார். இதய நிறுத்தத்தில் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, துடிப்பு பயனற்ற நடுக்கமாகிவிடும். ஆள் அந்த இடத்திலேயே விழுவார், நாடி இருக்காது. முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம். அடைப்பே இல்லாமல், மருந்தாலும் ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புச் சத்து மாறுவதாலும்கூட இரண்டாவது வரலாம். எச்ஐவி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இந்தப் பின்பகுதியை.

1. உங்களுக்கு எவ்வளவு அவசரம் என்று பாருங்கள்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் திடீரென இறந்தவர்களை உடற்கூறாய்வு செய்து பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. திடீர் இதய மரணம் என்று கருதப்பட்டவை எச்ஐவி உள்ளவர்களிடம் சுமார் 2 மடங்கு அதிகம். அறுத்துப் பார்த்தபோது அவற்றில் மூன்றில் ஒன்று, வெளியே தெரியாத போதைமருந்து மிகையால் நேர்ந்தது. உண்மையில் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்தவர்கள் பாதிக்கும் குறைவு. இதயத் தசையில் நார்த் தழும்பு எச்ஐவி உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தது.

அதே ஆண்டில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வு இன்னும் பயனுள்ள செய்தியைச் சொன்னது. சிடி4 தொடர்ந்து 200-க்குக் கீழேயும், வைரஸ் அளவு 500-க்கு மேலேயும் இருந்தவர்களிடம்தான் ஆபத்து தெளிவாகக் கூடியது. சிடி4 500-க்கு மேல் இருந்து வைரஸும் அடங்கியிருந்தவர்களுக்கு, எச்ஐவி இல்லாதவர்களைவிடக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அதனால் இதயத்துக்கான முதல் மருந்து, தினமும் விழுங்குகிற அந்த ஏஆர்டி மாத்திரைதான். இதயத்துக்குச் சூடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்தாதீர்கள். மருந்தை விட்டு விட்டு எடுத்தால் இதய நிகழ்வுகளும் சாவும் கூடும் என்று 2006-லேயே ஒரு பெரிய சோதனை காட்டிவிட்டது.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம்:

- ஓடும்போதோ படியேறும்போதோ முன்னறிவிப்பின்றி மயங்கி விழுந்தது (அன்றே போங்கள்)
- மயக்கத்தோடு வலிப்பு போன்ற உதறல்
- நெஞ்சு படபடத்துக் கண் இருட்டுவது
- குடும்பத்தில் 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்
- காசநோய்க்குப் பெடாகுயிலின் (இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய மருந்து) தொடங்கப் போவது

2. காகிதங்களைச் சேருங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை போதும்: ஏஆர்டி மையத்தின் பச்சைப் புத்தகம் (உங்கள் சிகிச்சைப் பதிவேடு), கடைசி வைரஸ் அளவு, சிடி4 முடிவுகள், ஒரு வருடத்துக்குள் எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), சர்க்கரை முடிவுகள், பழைய ஈசிஜி இருந்தால் அது, ஆதார், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, முதல்வரின் காப்பீட்டு அட்டை.

பச்சைப் புத்தகத்தை எல்லா மேசையிலும் நீட்ட வேண்டியதில்லை. பதிவுச் சீட்டு போடும் இடத்திலும், ஈசிஜி அறை வாசலிலும் அது தேவையே இல்லை, மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். பழைய ஈசிஜியின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. அந்தத் தாள் சூட்டில் அச்சாகிறது, ஒரு வருடத்தில் வெளிறிப் போகும். எடுத்த அன்றே செல்பேசியில் படம் பிடித்து வையுங்கள். லாமினேட் கடைக்குக் கொண்டுபோனால் சூடு பட்டு முழுத் தாளும் கறுத்துவிடும்.

3. மருந்துப் பட்டியல் எழுதுங்கள்: அதிகம் சறுக்குவது இங்கேதான்

ஈசிஜியில் கியூடி என்று ஓர் இடைவெளி உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம் அதில் தெரியும். அது நீண்டால் துடிப்பு தடம்புரள வாய்ப்பு கூடும். இதை நீட்டும் மருந்து ஒன்று தனியாக வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று சேர்ந்து, கூடவே பொட்டாசியமும் குறைந்தால்தான் வம்பு. எச்ஐவி உள்ளவர்களுக்கு வாழ்நாளில் மருந்துகள் அதிகம் என்பதால் இப்படிச் சேரும் வாய்ப்பும் அதிகம்.

ஏஆர்டியில் இருந்து தொடங்குவோம். இன்று பெரும்பாலோர் எடுக்கும் டிஎல்டி (டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி.) கியூடி விஷயத்தில் சாதுவானது. முன்பு கொடுத்த டிஎல்ஈ மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ், மரபுவழியாக அதை மெதுவாகச் செரிக்கும் சிலருக்குக் கியூடியை நீட்டும். பழைய டப்பா வீட்டில் கிடந்தால் மையத்தில் திருப்பிக் கொடுங்கள். முதல் மருந்து பலிக்காதபோது தரும் இரண்டாம் கட்டச் சிகிச்சையின் அட்டாசனவிர், லோபினவிர் இரண்டும் ஈசிஜியை மாற்றக்கூடியவை. அவற்றோடு வரும் ரிட்டோனவிர்தான் பெரிய தலைவலி. கல்லீரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேகத்தை அது குறைப்பதால், மெடிக்கலில் வாங்கிய சாதாரண மாத்திரைகூட ரத்தத்தில் பல மடங்காகத் தேங்கலாம்.

இப்போது வெளியிலிருந்து வருபவை. பட்டியலில் இவற்றைத் தனியே கோடிட்டுக் காட்டுங்கள்:

- தொண்டைக்கும் இருமலுக்கும் எழுதித் தரும் அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின்
- லெவோஃபிளாக்சசின், மாக்சிஃபிளாக்சசின். காசநோய்க்கான பெடாகுயிலின், குளோஃபாசிமின்
- வாய்ப்புண், தொண்டைப் பூஞ்சைக்கு ஃபுளுகோனசோல்
- வாந்திக்கு ஆன்டான்செட்ரான், டாம்பெரிடோன்
- மனநல மருந்துகளில் ஹாலோபெரிடால், எஸ்சிட்டலோபிராம்
- போதை மறுவாழ்வில் தரும் மெத்தடோன் (புப்ரெனார்ஃபினுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு)

டாம்பெரிடோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வயிற்றெரிச்சல் என்று மெடிக்கலில் நின்றால், பான்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல் சீட்டில்லாமலே கைக்கு வந்துவிடுகிறது. மக்களும் அதை ‘கேஸ் மாத்திரை’ என்கிறார்கள், மருந்து என்றே எண்ணுவதில்லை. மருத்துவர் “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்றால் “இல்லைங்க சார்” என்றுதான் பதில் வரும். ரிட்டோனவிர் எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் டாம்பெரிடோன் அளவு ஏறும். அட்டாசனவிர் எடுப்பவருக்கு இன்னொரு கேடும் உண்டு: பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைப்பதால் அட்டாசனவிர் சரியாக உறிஞ்சாது, வைரஸ் தலைதூக்கும். பான்டோபிரசோலை மாதக் கணக்கில் எடுத்தால் மெக்னீசியமும் குறையலாம், அதுவும் துடிப்பைக் கெடுக்கும். ஒரே கேப்சூலில் மூன்று வம்பு. அதனால் கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி எல்லாம் பட்டியலில் வரட்டும். பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டுபோங்கள்.

பொட்டாசியத்துக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. நாள்பட்ட பேதியில் அது குறையும். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகக் குழல்களைப் பாதித்தாலும் குறையும். மறுபக்கம், சிடி4 குறைந்தவர்களுக்குத் தடுப்பாகத் தரும் கோட்ரைமாக்சசோல் பொட்டாசியத்தை ஏற்றும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஒன்றும் சேர்ந்து, சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பேதிக்காரருக்கு நல்லதான அதே இளநீர் பொட்டாசியம் ஏறியவருக்குக் கூடாது. உங்கள் பொட்டாசியம் எந்தப் பக்கம் என்று ரத்தப் பரிசோதனை பார்க்காமல் உணவில் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டியலைக் காட்டினால் மாற்று மருந்து எழுத மருத்துவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

4. ஈசிஜி எடுங்கள், எண்ணைப் படியுங்கள்

அரசு மருத்துவமனையில் இலவசம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெரும்பாலும் எடுக்கலாம். தனியார் ஆய்வகத்தில் ஏறக்குறைய ரூ.150 முதல் 400 வரை. வெறும் வயிறு தேவையில்லை. எண்ணெய், பவுடர் பூசாமல் போங்கள், ஒட்டும் பகுதி நழுவாது. படியேறி வந்ததும் படுக்காதீர்கள், பத்து நிமிடம் உட்காருங்கள். பெண்கள் பெண் ஊழியரைக் கேட்கலாம், கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

தாளின் மேல்மூலையில் இயந்திரமே கியூடிசி (துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி) என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஆண்களுக்கு 450 மில்லிவினாடிக்கு மேல், பெண்களுக்கு 460-க்கு மேல் என்றால் நீண்டது. 500-ஐத் தாண்டினால், அல்லது பழைய ஈசிஜியைவிட 60 கூடியிருந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஆனால் அந்த எண்ணைக் கண்ணை மூடி நம்பக் கூடாது. பெரும்பாலான இயந்திரங்கள் பாசெட் கணக்கைப் போடுகின்றன, துடிப்பு வேகமாக இருக்கும்போது அது மிகைப்படுத்தும். ஒரு கணக்குப் பார்ப்போம். ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிவினாடி. கியூ தொடங்கி டி அலை முடியும்வரை ஒன்பதரைக் கட்டம் என்றால் கியூடி 380. இரண்டு உயரமான முட்களுக்கு நடுவே 15 கட்டம் என்றால் 600 மில்லிவினாடி, அதாவது துடிப்பு நிமிடத்துக்கு 100. பாசெட் முறையில் 0.6-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 491 வரும், பயந்துபோவீர்கள். ஃபிரிடெரிசியா முறையில் கனமூலத்தால் வகுத்தால் 451 மட்டுமே. அதனால் பதற்றத்தில் துடிப்பு 100-ஐத் தொட்டிருந்தால், “ஃபிரிடெரிசியா முறையில் எவ்வளவு வருது?” என்று கேளுங்கள். ஓய்வெடுத்து இன்னொருமுறை எடுக்கச் சொல்வதிலும் தவறில்லை.

எப்போதெல்லாம் எடுப்பது? எல்லாம் சரியாக இருந்தால் ஒன்று எடுத்து அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மருந்து ஏதாவது புதிதாகச் சேர்ந்தால் தொடங்குமுன் ஒன்று, ஓரிரு வாரத்தில் ஒன்று. பெடாகுயிலின் என்றால் தொடங்குமுன், இரண்டாம் வாரம், பிறகு மாதாமாதம்.

எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எல்லோருக்கும் தேவையில்லை. மூச்சு வாங்குதல், கால் வீக்கம், மயக்கம், ஈசிஜியில் கோளாறு இருந்தால் எடுங்கள் (தனியாரில் ரூ.1,200 முதல் 2,500 வரை). அதில் பார்க்க வேண்டிய எண் ஈஎஃப், இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் விழுக்காடு. சரியான மருந்தை மூன்று மாதம் எடுத்த பிறகும் அது 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், துடிப்பு தடம்புரளும்போது தானே அதிர்வு கொடுக்கும் ஐசிடி கருவி பற்றி மருத்துவர் பேசுவார். எச்ஐவி இருப்பது அந்தக் கருவியைப் பொருத்தத் தடை இல்லை. துடிப்பு விட்டு விட்டுத் தவறினால் 24 மணி நேர ஹோல்டர் (உடலில் மாட்டிக்கொள்ளும் ஈசிஜி பதிவுக் கருவி), ரூ.2,000 முதல் 4,000 வரை ஆகும்.

5. ரத்தப் பரிசோதனையும் ஸ்டேடினும்

கேட்க வேண்டியவை: பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின், சர்க்கரை, கொழுப்பு. டோலுடெக்ராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலே கிரியேட்டினின் எண்ணைச் சற்று ஏற்றிக் காட்டும். 1.2, 1.3 என்று பார்த்ததும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மையத்தில் காட்டுங்கள்.

அடுத்தது ஸ்டேடின், அதாவது கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள எச்ஐவி உள்ளவர்கள் 7,769 பேரிடம் நடந்த சோதனை 2023-இல் வெளியானது. கொழுப்பு எண் பெரிதாக ஏறாதவர்களிடமும், தினம் 4 மி.கி. பிட்டாவாஸ்டேடின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 விழுக்காடு குறைத்தது. சர்க்கரை நோய் வாய்ப்பு சற்றுக் கூடியது, சிலருக்குத் தசைவலி. 40 வயதைக் கடந்தவர்கள் “எனக்கு ஸ்டேடின் தேவையா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தானாகச் சொல்லக் காத்திருக்க வேண்டாம். பிட்டாவாஸ்டேடின் கிடைக்காவிட்டால் அட்டோர்வாஸ்டேடின் 20 அல்லது ரோசுவாஸ்டேடின் 10 மாற்றாகும்.

ரிட்டோனவிர் எடுப்பவர்கள் கவனம். சிம்வாஸ்டேடின், லோவாஸ்டேடின் இரண்டும் அறவே கூடாது, தசை கரைந்து சிறுநீரகம் பாழாகும். அட்டோர்வாஸ்டேடின் 20-க்கு மேல் ஏறக்கூடாது. டிஎல்டி எடுப்பவர்களுக்கு ஸ்டேடினோடு மோதல் இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் மட்டும் நாளுக்கு 1,000 மி.கி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகை பிடிப்பவர் என்றால் மேலே உள்ள அத்தனை பரிசோதனையும் பாதிப் பயன்தான். பீடியை விடுவதற்கு ஈடான மாத்திரை கிடையாது.

6. காப்பீட்டு அட்டையை முன்பே வாங்குங்கள்

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தினர் ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அந்த விண்ணப்பத்தில் எச்ஐவி பற்றி எழுத இடமும் இல்லை, அவசியமும் இல்லை. நெஞ்சுவலி வந்தபிறகு வருமானச் சான்றுக்கு அலைந்தால் நாட்கள் போய்விடும்.

வெளிநோயாளியாக எடுக்கும் ஈசிஜிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இந்த அட்டையை நம்பாதீர்கள், அவற்றை அரசு மருத்துவமனையில் எடுத்துவிடுங்கள். தனியாரில் கருவி பொருத்தச் சொன்னால், திட்டத்தில் எவ்வளவு வரும், கையிலிருந்து எவ்வளவு என்று முன் அனுமதியோடு எழுத்தில் வாங்குங்கள்.

7. “இங்கே பார்க்க முடியாது” என்றால்

எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பது 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அங்கே சத்தம் போடுவதைவிட, “மறுப்பதை எழுதிக் கொடுங்க” என்று கேட்பது வேலை செய்யும். அடுத்த படி மாநிலக் குறைதீர்ப்பாளர். அவசரச் சிகிச்சை என்றால் 24 மணி நேரத்துக்குள் உத்தரவிட முயல வேண்டும் என்கிறது சட்டம். வழி தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணில் கேளுங்கள், அல்லது உங்கள் மைய ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

8. வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்

நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்து ஆள் விழிப்போடு இருந்தால், சோடா குடித்துப் பார்க்கிற வேலை வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டேடின் முதல் வேளை மாத்திரைகள் உடனே தருகிறார்கள். ரிட்டோனவிர் எடுப்பவருக்குக் குளோபிடோகிரெல் சரியாக வேலை செய்யாது, ஆனாலும் அந்த முதல் வேளையை மறுக்காதீர்கள். பெரிய மருத்துவமனை போனதும் பட்டியலைக் காட்டினால் தொடர் மருந்தை மாற்றுவார்கள்.

ஆள் விழுந்து, கூப்பிட்டும் அசைவில்லை என்றால் இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு நிமிடம் கை கால் உதறலாம், மீன் வாயைத் திறப்பதுபோல விட்டு விட்டு மூச்சிழுக்கலாம். இதைத்தான் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள், முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். அந்த இழுப்பு மூச்சே இல்லை. மார்பு அழுத்தம் கொடுக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

மெத்தையிலிருந்து தரைக்கு இறக்குங்கள். ஒருவர் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் வைக்கட்டும். இன்னொருவர் மார்பின் நட்டநடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை மேலே கோத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழம் போகாது. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டிய கட்டாயமில்லை. மார்பை அழுத்துவதால் எச்ஐவி தொற்றாது, எச்சிலாலும் தொற்றாது. பக்கத்து வீட்டுக்காரர் உதவ வந்தால் அவரிடம் நோயைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்தப் பிளாஸ்டிக் உறையும் ஏஆர்டி டப்பாவும் கூடவே போகட்டும். ஐசியூவில் இருக்கும் நாட்களிலும் ஏஆர்டி நிற்கக் கூடாது, வார்டு மருந்தகத்தில் அது பெரும்பாலும் இருக்காது. டப்பாவில் மாத்திரை தீரப் போகிறது என்றால், நிலை தெரிந்த உறவினர் ஒருவர் பச்சைப் புத்தகத்தையும் மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மையத்துக்கு நேரில் போய் வாங்கி வர வேண்டும். மையங்கள் பெரும்பாலும் காலையில் தொடங்கி மாலையில் மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறக்காது. அதைக் கணக்கில் வைத்துக் கிளம்பச் சொல்லுங்கள்.